உலகத்தில் எழுபத்தெட்டரை

மலைநாட்டில் ஊசி ஐயாவைப் போல நம்பிக்கை இல்லாத மனிதர் அவருக்கு முன்னால் பிறந்ததில்லை, பின்னாலும் பிறக்கப் போவதில்லை. மழை பெய்தால், "போச்சு, மண்ணு சரியப் போவுது" என்பார். வெயில் அடித்தால், "போச்சு, கொழுந்தெல்லாம் கருகிரும்" என்பார். பிரசவம் பார்த்துவிட்டு வெளியே வந்து, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லும்போதுகூட, "புள்ள நல்லாத்தான் பொறந்திருக்கு. இனிமே அது வளரணும், படிக்கணும், வேல தேடணும்... போச்சு" என்று பெருமூச்சு விடுவார். பிள்ளையின் தகப்பன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்பான்.

இந்த மனிதர்தான் ஒரு விளையாட்டில் உலகத் தரவரிசையில் இடம் பிடித்தார். நம்பாவிட்டால் போங்கள். நானே பக்கத்தில் நின்று பார்த்தவன்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். எழுபதுகளில் நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார், ஊசி ஐயா தோட்டத்து டிஸ்பென்சர். காய்ச்சலுக்கு மருந்து கலக்குவதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. எந்த நோய்க்கும் ஊசி போட்டால்தான் அவருக்குத் திருப்தி. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பெயர் இன்னும் இறுகிப்போனதற்குக் காரணம் எங்கள் வெள்ளைக்காரத் துரை. மஸ்கெலியா மழையில் பாதை அடைபட்டால் துரை கிளப்புக்குப் போக முடியாது. சும்மா இருக்க மாட்டாமல் டிஸ்பென்சரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு டார்ட்ஸ் ஆடுவார். சுவரில் வட்டப் பலகை, அதில் இருபது கூறு, தள்ளி நின்று குட்டி அம்புகளை எறிய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் அதை அம்பு என்று சொல்லவில்லை. பகலில் குத்துகிற ஊசி, சாயந்தரத்தில் எறிகிற ஊசி என்று ஆக்கிவிட்டார்கள். அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டபோது துரை கப்பலேறினார். நாயைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்தார், பலகையையும் மூன்று ஊசிகளையும் டிஸ்பென்சருக்குக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்களுக்குச் சனி. இடுப்பில் ஊசி போடுவதற்கு முன் ஐயா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓரடி பின்னால் போய்க் குறி பார்ப்பார். கட்டிலில் குப்புறக் கிடந்த தோட்டத் தொழிலாளி கருப்பையா அலறினான்.

"ஐயா, சாமி, கிட்ட வந்தே போடுங்கய்யா!"

துரை நல்ல மனிதர். சீமைக்குப் போன பிறகும் அங்கே வருகிற டார்ட்ஸ் பத்திரிகைகளைப் படித்து முடித்துக் கட்டி அனுப்புவார். கப்பல் தபாலில் வந்து சேரும்போது செய்தி எல்லாம் ஊசிப்போயிருக்கும். ஊசி ஐயாவுக்கு அதெல்லாம் அன்றைக்கு நடந்த மாதிரி. அதிலிருந்துதான் இந்த விளையாட்டுக்கு உலகத்துக்கே ஒரு பெரிய சங்கம் இருக்கிறது என்றும், அதற்குக் கீழே நாட்டுக்கு ஒரு சங்கம் என்றும், ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுகிறார்கள் என்றும் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மாஸ்டர், இது நம்ம தோட்டம் மாதிரியேதான் நடக்குது. பெரிய சங்கம்ங்கிறது பெரிய தொரை. சட்டம் போடுறது, தூரம் அளக்குறது, எந்தப் போட்டி செல்லும் எது செல்லாதுன்னு சொல்றது எல்லாம் அவரு. ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் ஒரு கண்டாக்கு. ஆட்டக்காரன் லயத்துல குடியிருக்குற தொழிலாளி. லயத்து ஆளு நேரா பெரிய தொரைகிட்டப் போய் நிக்க முடியுமா? கண்டாக்கு வழியாத்தான போகணும்?"

"வரிசை எப்படிங்க போடுறாங்க?"

"பேர் போட்டுத்தான்!" என்றார்.

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். அதைத் தீர்மானிப்பவர் வெளிக்கள உத்தியோகத்தரான கண்டாக்கு ஐயா. உலகச் சங்கம் கொடுக்கிற புள்ளிக்கு ஊசி ஐயாவுக்குத் தெரிந்த தமிழ் 'பேர்'தான். பெரிய போட்டியில் ஜெயித்தால் நிறையப் பேர். சின்னப் போட்டியென்றால் கொஞ்சம். முதல் சுற்றிலேயே தோற்றாலும், அங்கீகரித்த போட்டியாக இருந்தால் அரைப்பேராவது விழும். போன வருஷத்துப் பேர் கொஞ்ச நாளில் காலாவதியாகிவிடும், அதனால் காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு வருகிற மாதிரி விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அத்தோடு விட்டாரா? தோட்டத்துக்கே ஒரு வரிசை போட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கரும்பலகை தொங்கியது. மருந்துக்கு வந்தவன் எல்லாம் மூன்று ஊசி எறிந்துவிட்டுத்தான் போக வேண்டும். எறிந்ததற்கு ஏற்றபடி கரும்பலகையில் முழுப் பேரோ அரைப்பேரோ எழுதுவார். தொழிற்சங்கத் தலைவர், பங்களா சமையல்காரருக்குக் கீழே இறங்கிவிட்டார் என்பதற்காக ஒரு கூட்டமே நடந்தது. பத்திரிகையில் ஏதோ ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் வரிசையில் சறுக்கிவிட்டார் என்று படித்த அன்று ஐயா வாசலில் வந்து நின்று அறிவித்தார்.

"இன்னிக்கு மனசு சரியில்ல. வயித்துவலிக்காரங்க நாளைக்கு வாங்க."

"ஏன்யா, வீட்டுல ஏதும் துக்கமா?"

"நம்ம ஸ்கொட்லாந்துக்காரரு... போச்சு."

வந்திருந்த அம்மாக்கள் வாயில் கைவைத்து உச்சுக் கொட்டினார்கள். அதில் ஒருத்தி முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்தாள்.

சம்பள நாளில்தான் வெடித்தது. கருப்பையா பெரிய கிளாக்கரிடம் போய், தனக்கு ஓர் அரைப்பேர் குறைகிறது என்று நின்றுகொண்டான். எந்த மலையில் வேலை செய்தாய் என்று கேட்டால், "மலையில இல்லீங்க, ஆஸ்பத்திரியில. ஊசி ஐயா போட்டாரு, பலகையில எழுதியிருக்கு, வந்து பாருங்க" என்கிறான். பின்னாலேயே இன்னும் ஐந்தாறு பேர்.

கண்டாக்கு ஐயா காக்கிக் கால்சட்டையும் சிவந்த முகமுமாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். அவரிடம் முழுப் பேர் வாங்குவது அவ்வளவு லேசு இல்லை. தன் சொந்த மைத்துனனுக்கே அரைப்பேர் போட்டுவிட்டு, அன்று மாலையே அவன் வீட்டில் போய்ச் சாப்பிட்ட மனிதர் அவர்.

"யோவ், இந்தத் தோட்டத்துல பேரு போடுறவன் நான் ஒருத்தன்தான்! நீரு மருந்தக் கலக்கும்!"

"கண்டாக்கு ஐயா, இது வேற பேருங்க. ஒலகப் பேரு."

"ஒலகத்துக்குக் கண்டாக்கு யாரு?"

"அது சீமையில இருக்கு."

"அப்ப அவன் வந்து போடட்டும். அதுவரைக்கும் நான்தான்!"

கோபத்தில் மேசையில் கிடந்த ஊசியை எடுத்து எறிந்தார். அது நேராக நடுப்புள்ளியில் போய்க் குத்தி நின்றது. கண்டாக்கு ஐயா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலை இறக்கி, "இதுக்கு எத்தனை பேரு?" என்று கேட்டார்.

பாவம், மாட்டிக்கொண்டார். அதன்பிறகு சாயந்தரத் தேத்தண்ணி அவருக்கு ஆஸ்பத்திரியில்தான். அடுத்த மழைக்காலத்துக்குள் ஊசி ஐயாவையும் தள்ளிவிட்டுப் பலகையில் முதலிடத்துக்கு வந்துவிட்டார். அதைப் பார்க்க மனைவியை அழைத்து வந்தார், வந்த உறவினர்களையும் அழைத்து வந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கப்பல் தபால் வந்தது. பெரிய சங்கம் உலகம் முழுவதற்கும் ஒரே தூரம் வைத்துவிட்டதாம். சில இடங்களில் எட்டடி, சில இடங்களில் ஏழரையடி என்று கிடந்த சண்டைக்கு நடுவில் ஒரு முடிவு: ஏழே முக்கால் அடி, அதற்கு மேலே ஒரு கால் அங்குலம். நாங்கள் துரை காட்டிக் கொடுத்த எட்டடியில் எறிந்துகொண்டிருந்தோம். தோட்டத்துத் தச்சாசாரியை வரவழைத்தார் ஊசி ஐயா.

"கால் அங்குலமா? ஐயா, எம் பென்சிலு தடிமனே கால் அங்குலங்க. கோட்டுக்கு உள்ள அளக்குறதா, வெளிய அளக்குறதா?"

ஊசி ஐயா கோட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ஈரத்துணியை எடுத்து வரிசை முழுவதையும் துடைத்துவிட்டார்.

"போச்சு. இதுவரைக்கும் நம்ம எறிஞ்சது எதுவுமே செல்லாது. எல்லாருக்கும் திரும்ப மொதல்லேருந்து."

கண்டாக்கு ஐயா இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. பாதையில் எதிரே கண்டால் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு போவார். ஆனாலும் புதுக்கோட்டில் நின்று எறிய வராமல் இருக்க அவரால் முடியவில்லை. வருவார், ஒரு வார்த்தை பேசாமல் எறிவார், போய்விடுவார்.

இத்தனைக்கும் நடுவில் ஊசி ஐயாவுக்கு ஒரே ஓர் ஆசை. அது என்ன ஆசை என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். உலகச் சங்கம் அங்கீகரித்த ஒரு போட்டிக்குப் போய், முதல் சுற்றில் தோற்க வேண்டும். அவ்வளவுதான். "ஜெயிக்கிறதெல்லாம் நமக்கு எங்க மாஸ்டர்? தோத்தா அரைப்பேரு விழும். அரைப்பேரு விழுந்தா பட்டியல்ல வாலுல நம்ம பேரு வரும். அச்சுல வரும். அத ஒரு தடவ பார்த்துட்டாப் போதும்." சாகப்போகிறவன் கடைசி ஆசையைச் சொல்கிற தொனியில் இதைச் சொல்வார்.

கொழும்பில் சில கம்பனிக்கார கிளப்புகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. ஒரு சித்திரை சீசனில் அவர்கள் நுவரெலியாவில் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவர் இலங்கைக்காக வெளிநாட்டில் போய் எறியலாம், பேர் விழுகிற போட்டி. நானும் ஊசி ஐயாவும் பஸ் ஏறினோம். பின்சீட்டில் கண்டாக்கு ஐயா உட்கார்ந்திருந்தார்.

"எங்கங்க இந்தப் பக்கம்?" என்றேன்.

"உருளைக்கிழங்கு விதை வாங்கப் போறேன்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

நாள் முழுக்க அந்த மண்டபத்தில்தான் நின்றார். விதைக்கடை எந்தப் பக்கம் என்றுகூட அவர் விசாரிக்கவில்லை.

ஊசி ஐயா ஒவ்வொரு ஊசியும் கையை விட்டுப் போகும்போதே "போச்சு" என்பார். அது போய்ச் சரியான இடத்தில் குத்தும். எதிரே நின்றவர்கள் அதைத் தமிழில் ஏதோ மந்திரம் என்று நினைத்துவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில், கொழும்புத் தேயிலைக் கம்பனிக் கோட்டுக்காரர் ஒருவர், தானும் ஒருமுறை "போச்சு" என்று சொல்லி எறிந்து பார்த்தார். அது சுவரில் போய்க் குத்தியது. டார்ட்ஸில் ஆட்டத்தை முடிக்க வேண்டுமானால் வெளிவட்டத்தில் உள்ள மெல்லிய டபுள் கட்டத்தில் விழ வேண்டும். ஊசி ஐயா நிமிர்ந்தார், ஒரு கண்ணை மூடினார்.

"போச்சு."

டபுள்! நான் கத்திய கத்தலில் ஒரு வெயிட்டர் தட்டைப் போட்டுவிட்டான். கண்டாக்கு ஐயா பேசாத விரதத்தை மறந்து ஓடிவந்து ஊசி ஐயாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சங்கத்துச் செயலாளர் சிங்களவர், தங்கமான மனிதர். தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்து, பாஸ்போட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், பரவாயில்லை, எடுத்துக்கொள்ளலாம், பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். ஊசி ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

"மொன ரட்டேத?" என்றார் செயலாளர். எந்த நாடு என்று கேட்கிறார்.

எந்த நாடு என்று என்னத்தைச் சொல்வது? எங்களில் லட்சக்கணக்கானவர்களுக்கு அப்போது நாடு கிடையாது. பிறந்தது இந்த மலையில், பேர் வாங்கியது இந்த மலையில். சட்டத்தில் இங்கேயும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. ஊசி ஐயாவின் அப்பா சிலோனுக்குப் போட்ட மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஊசி ஐயா இந்தியாவுக்குப் போட்ட மனு எங்கோ கிடந்தது. அதைத்தான் அவர் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார்.

"பலகையில டபுள் விழுந்துச்சு சார். கவர்மெண்டு கச்சேரியில ரெண்டு தடவை மனு எறிஞ்சும் ஒண்ணும் விழல." பிறகு, "நாடு இல்லாதவங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கா சார்? பெரிய சங்கத்துக்குக் கீழ?" என்று கேட்டார்.

அப்படி ஒன்று இல்லை. ஆட்டக்காரன் தன் நாட்டுச் சங்கம் வழியாகத்தான் வர முடியும், தனியாள் மனு எடுபடாது என்று செயலாளர் வருத்தத்தோடு விளக்கினார். அதை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த கண்டாக்கு ஐயா சட்டென்று எழுந்து, சட்டையைக் கீழே இழுத்து நேர் செய்துகொண்டார்.

"மாஸ்டர், நான் கண்டாக்குன்னு சொல்லுங்க. இவரை நான் அனுப்புறேன். என் வழியா வாறாரு. அப்ப சரிதானே?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் இதை எந்த மொழியில் என்னவென்று சொல்வேன்?

திரும்பி வருகிற பஸ்ஸில், தலவாக்கலையில் மழை பிடித்துக்கொண்டது. ஊசி ஐயா 'போச்சு' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அட்டன் தாண்டியும் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் அந்த வார்த்தையைக் கேட்டு எரிச்சல்பட்டவன், அன்று அது வராதா என்று தவித்துக்கொண்டே வந்தேன்.

அவருக்குப் பதிலாகக் கோட்டுக்காரர் போனார். முதல் சுற்றிலேயே தோற்றார். துரை அனுப்பிய பத்திரிகையில் அந்தப் பட்டியல் வந்தது. வாலில், எழுபத்தொன்பதாவது இடத்தில், கோட்டுக்காரர் பெயரும் பக்கத்தில் இலங்கை என்றும் அச்சாகியிருந்தது. ஊசி ஐயா அதைக் கையில் பிடித்தபடி என் வீட்டுக்கு வந்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"மாஸ்டர், இவரை நான் ஜெயிச்சிருக்கேன். இவரு எழுபத்தொம்போது. எழுபத்தெட்டாவது ஆளை நான் பார்த்ததே இல்ல, அவரைக் கீழ தள்ளுறது ஞாயமில்ல. அப்ப நான் யாரு?"

"யாருங்க?"

"எழுபத்தெட்டரை."

மறுநாள் ஆஸ்பத்திரிப் பலகையில் எல்லாருக்கும் மேலே சாக்கட்டியில் எழுதிவிட்டார்: 'ஊசி ஐயா, உலகத்தில் எழுபத்தெட்டரை.' தோட்டமே வந்து பார்த்தது. "அரைன்னா, அரைப்பேரா ஐயா?" என்று கேட்டான் கருப்பையா. "ஆமாண்டா. நமக்கு எங்க முழுசு?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கண்டாக்கு ஐயா பலகையைப் பார்த்துவிட்டு, எழுத்து கோணலாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து அவருக்கு நாடு வந்தது. பாஸ்போட், கப்பல் டிக்கட் எல்லாம் சேர்ந்தே வந்தது. வந்தால் போயே ஆக வேண்டும். வேண்டிக் கேட்டபோது வராத நாடு, ஆட்டம் முடிந்து ஆள் எல்லாம் கலைந்த பிறகு வந்து கதவைத் தட்டினால் எவனுக்குத்தான் வயிறு எரியாது? எனக்கு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அட்டன் ஸ்டேசனில் நின்ற அந்த ரயிலை நாங்கள் அழுகைக் கோச்சி என்போம். தலைமன்னார் போய்க் கப்பலேறுகிறவர்களும் அனுப்ப வந்தவர்களும் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு ஓலமிடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஊசி ஐயா கண்டாக்கு ஐயாவிடம் சாக்கில் சுற்றிய டார்ட்ஸ் பலகையைக் கொடுத்தார்.

"வச்சுக்குங்க. இனிமே நீங்கதான் நம்பர் ஒண்ணு."

"நீரு இல்லாத எடத்துல நம்பர் ஒண்ணா இருந்து நான் என்னாய்யா செய்யப் போறேன்?" என்று கண்டாக்கு ஐயா கோபமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோச்சி நகர்ந்தது. ஜன்னலில் ஊசி ஐயாவின் வாய் அசைந்தது. சத்தத்தில் கேட்கவில்லை, ஆனால் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

கோத்தகிரியிலிருந்து அவர் ஒரே ஒரு கார்டு போட்டார். அங்கேயும் தேயிலை, அங்கேயும் மழையாம். கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: "மாஸ்டர், இங்க வந்ததும் எங்களை எல்லாரும் சிலோன்காரங்கன்னுதான் கூப்பிடுறாங்க. கடைக்காரனும் சொல்றான், போலீஸும் சொல்றான். அதனால இப்ப நான் சிலோன்காரனாயிட்டேன். கொழும்பு செயலாளர் ஐயாகிட்டச் சொல்லிருங்க, நான் ரெடி."

கார்டை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனேன். அன்றைய ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிவிட்டு, கண்டாக்கு ஐயா தனியாக நின்றிருந்தார். வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பிறகு ஆட்களுக்குப் பேர் போடுகிற தன் செக்ரோலையும் பென்சிலையும் என் கையில் கொடுத்தார். அதை அவர் வேறு யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"என்னால எழுத முடியல மாஸ்டர். இன்னிக்கு அவருக்கு முழுப் பேரு போடுங்க" என்றார்.

போட்டேன்.